இன்னும் ஒரே ஒரு வேலை

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களிடம் "எப்போது முடியும்?" என்று அமெரிக்காவில் விவரம் தெரிந்த யாரும் கேட்பதில்லை. கேட்டால், "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு, இன்னும் தொண்ணூறு சதவீதம்தான் பாக்கி" என்று பதில் வரும். இந்த வட்டாரத்தில் பழைய ஜோக் இது. கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமார் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் சில நண்பர்களைக் கூட்டி, சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது ஆஷ்கோஷ் நகரத்தில் பெரிய ஸ்தாபனம். 1970-இலிருந்து ஜூலைக் கடைசியில் அங்கே வருடாந்திரத் திருவிழா நடக்கிறது. வானத்தில் விமானங்கள் வரிசை கட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று என்னையும் அழைத்துப் போனார் என் வீட்டுக்காரர். சும்மா பார்க்கப் போன இடத்தில் நான் ஒரு தொப்பி வாங்கினேன். இவர் ஒரு விமானத்தின் வாலை வாங்கினார்.

வாலை மட்டும் தனியாகத் தருவார்களா என்றால், தருவார்கள். ஆரிகன் மாநிலத்திலுள்ள வேன்ஸ் கம்பெனி விமானத்தைப் பெட்டி பெட்டியாக விற்கிறது. முதலில் வால். பிறகு இறக்கை. பிறகு உடம்பு. கடைசியில் 'ஃபினிஷிங் கிட்'. "பிடிக்கலைன்னா வாலோட நிறுத்திக்கலாம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அப்படி நிறுத்தியவர்களும் உண்டு. அந்த வால்கள் மலிவாக விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் வீட்டு வால் வளர்ந்தது.

எங்களுடையது ஆர்.வி-9ஏ. பெரும்பாலும் அலுமினியத் தகடு. இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். ஆள், பெட்ரோல், பெட்டி எல்லாம் சேர்த்து 1,750 பவுண்டு எடை வரை கிளம்பலாம். கராஜில் இரண்டு கார் நிற்க இடம் இருந்தது. இரண்டும் பனியில் நின்றன.

இந்த நாட்டுச் சட்டப்படி விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே கட்டியிருக்க வேண்டும். ஐம்பத்தோரு சதவீத விதி என்பார்கள். அதுவும் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும்தான் கட்டலாம். அந்த ஐம்பத்தோரு சதவீதத்தில் மனைவியின் கை எவ்வளவு என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

ரிவெட் அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் தகடுகளைப் பொருத்தி, துளைகளில் க்ளீக்கோ என்கிற ஸ்பிரிங் ஊசிகளைக் குத்தி நிறுத்துவார்கள். சின்னத் துளைக்கு வெள்ளி நிறம், அடுத்த அளவுக்குச் செம்பு நிறம். பிறகு ஒவ்வொரு ஊசியாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரிவெட். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்துத் தட்டுவார். உள்ளே ஒருவர் அதன் மறுமுனையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். துப்பாக்கி பிடிப்பவருக்கு வசதியாக நின்று செய்கிற வேலை. கட்டி பிடிப்பவர் வால்பக்கக் கூண்டுக்குள் நுழைந்து, விலா எலும்பில் தகட்டு விளிம்பு குத்த, மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சின்னக் கை எனக்குத்தான் என்று கண்டுபிடிக்க இவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

துப்பாக்கி தட்டும்போது பல் வரைக்கும் அதிரும். காதில் அடைப்பான். பேச்சு கிடையாது. "ரெடியா?" "ம்." டர்ர்ர். "எப்படி?" நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். நசுங்கிய முனை, தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். சரியாக வந்தால் துவரம்பருப்பு மாதிரி கிண்ணென்று உட்கார்ந்திருக்கும். சாய்ந்திருந்தால் துளை போட்டு எடுத்துவிட்டு மறுபடி. "சாஞ்சிருக்கு." "எவ்வளவு?" "சாஞ்சிருக்கு." இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேலே. வீட்டில் ஒரு விஷயத்தில் என் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை என்ற நிலைமை எனக்கு அந்தக் கூண்டுக்குள்தான் வாய்த்தது. அதனால் வேலையைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசிப் பெட்டி ஃபினிஷிங் கிட். அதற்குள் சக்கரம் இருக்கும், எஞ்சின் மூடி இருக்கும், தலைக்கு மேலே வரும் கண்ணாடிக்கூடு இருக்கும். ஃபினிஷிங் மட்டும் இருக்காது. எஞ்சின் தனி, ப்ரொப்பெல்லர் தனி, மீட்டர்கள் தனி, பெயின்ட் தனி. அந்தக் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக். குளிரில் அறுத்தால் விரிசல் விட்டுவிடும் என்பதால் இதமான சூட்டில்தான் அறுக்க வேண்டும். விஸ்கான்சின் ஜனவரியில் இதமான சூடு தானாக வராது. வீட்டுக்குள் நான் ஸ்வெட்டரோடு இருக்க, கராஜில் கண்ணாடிக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடியது.

ஒருவழியாக எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றி, பக்கத்துச் சின்ன விமான நிலையத்தில் ஒரு ஹேங்கருக்குக் கொண்டுபோய், இறக்கையை மாட்டி, லைக்கமிங் ஓ-320 எஞ்சினை முதல்முறை முடுக்கினார்கள். 160 குதிரைசக்தி. இடி மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். முதல் முடுக்கிலேயே சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. பார்க்கிற யாருக்கும் அது விமானம். மூக்கு இருக்கிறது, இறக்கை இருக்கிறது, சத்தமும் வந்துவிட்டது.

வியாதி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"முடிஞ்சுதா?" என்றால், "இன்னும் ஒரே ஒரு வேலை." இருக்கைக்குத் தோலுறை. அது ஆனதும் கால் வைக்கும் இடத்தில் கம்பளம். அது ஆனதும் போன் சார்ஜ் செய்ய ஒரு துளை. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் ஆரஞ்சு நிறப் பசையால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடு. இவர் கோடுகளைச் சரிபார்த்தார். பிறகு, கோடு மங்கலாகத் தெரிகிறது என்று கோட்டின்மேல் கோடு போட்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க, உள்ளே நிரந்தரமாக மறையப்போகிற ஒரு வயர்க் கட்டை அவிழ்த்து, முடிச்சுகள் ஒரே இடைவெளியில் வரும்படி மறுபடி கட்டினார்.

என் கணிப்பு எளிது. கட்டிக்கொண்டிருக்கிற வரை இவர் விமானம் கட்டுகிற மனிதர். விருந்துக்குப் போனால் நாலு பேர் சுற்றி நின்று கேட்கிறார்கள். கட்டி முடித்துவிட்டால் ஏறிப் பறந்தாக வேண்டும். முன்னது பொழுதுபோக்கு. பின்னதில் உயரம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இவரைக் கோழை என்று சொல்ல வரவில்லை. லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆகிறது. இதே ரக விமானத்தில் ஒரு பயிற்சியாளரோடு பறந்து பழகியும் வந்தார். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் இந்த மாதிரி விமானங்களின் விபத்துகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எஞ்சின் சக்தி போவதும் கட்டுப்பாடு இழப்பதும்தான் அதிக விபத்துக்குக் காரணம் என்று அதில் இருக்கிறது. அதைப் படுக்கை அறையில் வைத்துப் படிக்கிற மனிதருக்கு ஒரு வயர்க் கட்டைத் திரும்பக் கட்டத் தோன்றுவது இயல்பு. எனக்கே அந்த நாட்களில் கோடுகளை இன்னொரு தரம் பார்த்தால் தேவலை என்றிருந்தது. வெளியில் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் திருச்சியிலிருந்து அத்தை, அதாவது இவருடைய அம்மா, வந்து சேர்ந்தார்.

அத்தை வந்த வாரம் எடை போட்டார்கள். மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு, காற்று இறக்கையைத் தூக்கிவிடாமலிருக்க ஹேங்கர் கதவு சாத்தல். வெற்று எடை கிடைத்ததும் ஆள் உட்கார்ந்தால் பாரத்தின் மையம் எங்கே வரும் என்று கணக்கு. சங்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் நோட்டும் பேனாவுமாக நிற்க, இவர் என்னைப் பார்த்து, "உன் வெயிட் என்ன?" என்றார். சொன்னேன். "இது எப்ப பார்த்த வெயிட்?" என்றார். குறைத்துச் சொன்னால் மனிதர்கள் நம்பிவிடுவார்கள், விமானம் நம்பாது என்று எனக்கும் தெரியும். தராசு மும்முரமாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

அடுத்து எரிபொருள் சோதனை. ஏறுகிற கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றி டப்பாவில் விட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். எஞ்சின் குடிப்பதைவிடக் கணிசமாக அதிகம் வர வேண்டும். வந்தது. அத்தை இதையெல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். நாலு பெரியவர்களும் நாலு திசையிலிருந்து ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன். சுவரில் தீப்பெட்டியைக் குறுக்குக்கோட்டால் அடித்த படம் இருந்தது. "பெட்ரோல் வாசனைகூடத் தெரியாமலா இருக்கேன்? வெளியில வச்சு ஏத்தலாம்னுதான் எடுத்தேன்" என்று அத்தை சொன்னார். யாரும் முழுசாக நம்பவில்லை.

பரிசோதகர் வந்த நாளில் இவர் பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் அப்பாவாகவே மாறிவிட்டார். மூடிகள் எல்லாம் கழற்றி வைத்திருந்தது. கட்டிய ஒவ்வொரு கட்டத்தின் படங்களும் குறிப்புகளும் தடித்தடி ஃபைல்களில். பரிசோதகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விளக்கு அடித்து, கூண்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ரிவெட் யார் பிடித்தது?" என்றார். எனக்கு அன்றைக்கு மதியம் சாப்பாடே தேவைப்படவில்லை.

சட்டப்படி உள்ளே ஏறும் இடத்தில் இரண்டு அங்குல எழுத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று இருக்க வேண்டும். பயணி கண்ணில் படும்படி இன்னொரு பலகை: இது அமெச்சூர் ஒருவர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான அரசுப் பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்படவில்லை என்று. அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "ஏண்டா, இதை நீயே எழுதி நீயே ஒட்டிக்கிறியா?" என்றார்.

இளஞ்சிவப்புக் காகிதத்தில் தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்தது. கூடவே நிபந்தனைகள். முதல் 40 மணி நேரம் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும். எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் அங்கீகாரம் பெற்ற ஜோடியாக இருந்தால் 25 போதும். எங்களுடையது காதல் திருமணம், ஆகவே 40. அதுவரை பயணியாக யாரையும் ஏற்றக் கூடாது. அமெரிக்க அரசாங்கம் இயற்றிய சட்டங்களிலேயே என் மனதுக்கு மிகவும் பிடித்தது இது. "அப்புறம் நீதான் முதல் பயணி" என்று இவர் சொன்னபோது, சட்டம் 400 என்று வைத்திருந்தால்கூட நான் மதித்திருப்பேன்.

சான்றிதழ் வந்த பிறகும் இவர் தரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஹேங்கரிலிருந்து ஓடுபாதை முனை வரை, அங்கிருந்து திரும்ப. பிரேக்கைப் பார்க்கிறேன், ரேடியோவைப் பார்க்கிறேன். இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது எஞ்சின்தான். புது எஞ்சினைத் தரையில் அதிக நேரம் உருட்டிக்கொண்டிருந்தால் சிலிண்டரின் உள்சுவர் வழவழவென்று ஆகி, பிஸ்டன் ரிங் சரியாகப் படியாமல் போய்விடும். பிறகு ஆயுசுக்கும் எண்ணெய் குடிக்கும். அதைப் படிய வைக்க வேண்டுமென்றால் நல்ல சக்தியில், மேலே, காற்றோட்டத்தில் ஓட்டியாக வேண்டும். சங்கத்துப் பெரியவர் ஒருவர் இதை இவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். பல வருடத்து உழைப்பைத் தன் பயத்தால் தானே கெடுக்கப்போகிறோம் என்பது இவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போனது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, வீட்டில் பஞ்சாங்கத்தைக் கண்டாலே கிண்டல் செய்கிற இந்த எஞ்சினியர், அம்மாவின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, இந்தச் சனிக்கிழமை எனக்கு ஏதாவது சந்திராஷ்டமம் கிந்திராஷ்டமம் இருக்கா, பாரேன்" என்றார். குரலில் அப்படி ஒரு ஆர்வம்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். நீ எத்தனை மணிக்குப் போற?"

முதல் பறப்பை விடிகாலையில்தான் செய்வார்கள்; அப்போதுதான் காற்று அடங்கி இருக்கும். "ஏழு" என்றார் இவர்.

"ஏழு மணிக்கு ஒரு தோஷமும் இல்லை. உன் நட்சத்திரத்துக்கு இதைவிட நல்ல நாள் இந்த மாசத்திலேயே கிடையாது."

இவர் போனை எடுத்து வானிலை பார்த்தார். காற்று மூன்று நாட், மேகம் இல்லை, பத்து மைல் தெளிவாகத் தெரியும் என்று இருந்தது. இவ்வளவு நல்ல சேதியை இவ்வளவு சோகமாக வாசித்தவரை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு முகம் பளிச்சென்று ஆனது. "அம்மா, சக்கரத்துக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் வேணுமே. வாங்கி வைக்கலையே?"

"ஃப்ரிட்ஜில் ஒரு பை நிறைய இருக்கு" என்றேன்.