நானே பார்த்துக்கறேன்

ஊரில் இருந்தவரை அவர் ஒரு ஃபியூஸ் கட்டையைத் தொட்டதில்லை. தெருமுனையில் எலக்ட்ரீஷியன் இருந்தார், கூப்பிட்ட குரலுக்கு பிளம்பர் வந்தார், அப்புறம் என்ன? நியூ ஜெர்ஸியில் வீடு வாங்கிய பிறகுதான் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆசாரி கண் விழித்தார். பிளம்பர் படியேறினாலே நூற்றைம்பது டாலர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். அங்கேதான் ஆரம்பித்தது வினை. அன்றிலிருந்து வீட்டில் எது உடைந்தாலும், ஒழுகினாலும், கிறீச்சிட்டாலும் ஒரே பதில்: ‘நானே பார்த்துக்கறேன்.’

அமெரிக்காவில் தமிழர் நாலு பேர் பாட்லக்குக்குக் கூடினால் அதில் இவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். மற்றவர்கள் கிரீன் கார்டு பற்றிப் பேசுவார்கள். இவர் கதவுக் கீலைப் பற்றிப் பேசுவார். உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டு, ‘ஸ்டட் இங்க இருக்கு’ என்பார், சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கராஜில் கார் நிறுத்த இடமில்லை. பிளம்பருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணமெல்லாம் ரம்பமாகவும் ட்ரில்லாகவும் ஆணியில் தொங்குகிறது.

மாடி பாத்ரூம் கதைக்கு வருகிறேன். போன வருஷம் டாய்லெட்டின் அடியில் லேசாக ஈரம் தெரிந்தது. இவர் ஒரு ட்யூப் சிலிக்கான் வாங்கி, பீங்கானும் தரையும் சேருகிற இடத்தில், மாக்கோலத்துக்குக் காவிக்கரை கட்டுவது போலச் சுற்றிலும் பூசினார். ஓர் இழை இடைவெளி கிடையாது. ஈரம் மறைந்தது. படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார். பதினாலு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் பாத்ரூமில் குடம் குடமாகக் கொட்டினாலும் சிமென்ட் தரை வாங்கிக்கொண்டு மூலை ஓட்டைக்கு அனுப்பிவிடும். இங்கே வீடே மரம். 16 அங்குலத்துக்கு ஒன்றாக உத்தரக்கட்டை, அதன்மேல் முக்கால் அங்குல ப்ளைவுட், அதன்மேல் வினைல் விரிப்பு. டாய்லெட்டுக்கும் தரைக்குள் இறங்கும் கழிவுக் குழாய்க்கும் நடுவே காவல் இருப்பது ஒரு மெழுகு வளையம். அதன் விலை ஆறேழு டாலர். டாய்லெட் கொஞ்சம் ஆடினால் போதும், மெழுகு நசுங்கி வழி விட்டுவிடும். ரப்பர் மாதிரி திரும்ப எழும்பி வராது. அப்புறம் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு கரண்டித் தண்ணீர் பக்கவாட்டில் போகும். சிலிக்கான் வேலி போட்டாகிவிட்டதால் அது வெளியேயும் வர முடியாது. ப்ளைவுட்டைத்தான் குடிக்கச் சொல்லும்.

கீழே டைனிங் டேபிளுக்கு நேர் மேலே கூரையில் மாங்காய் வடிவத்தில் கறை விழுந்தபோது அவர் குற்றவாளியை உடனே கண்டுபிடித்தார். மாமனார். போன வருஷம் ஆறு மாதம் வந்து தங்கிவிட்டுப் போனவர். ‘ஊர்ல மாதிரி மொண்டு மொண்டு ஊத்தியிருக்கார், பாஸ். இங்க அதெல்லாம் தாங்குமா?’ இதை அவர் மனைவி இருக்கும்போதே சொன்னார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

ஆனாலும் தடயம் வேண்டும் அல்லவா? ஃப்ளஷ் டாங்கில் கேசரிப் பவுடரைக் கரைத்தார். மேலே பையன் ஃப்ளஷ் செய்தான். கீழே நாங்கள் இருவரும் அண்ணாந்து நின்றோம், சந்திர தரிசனத்துக்கு நிற்பது போல. ஏழெட்டு நிமிஷத்தில் மாங்காய் சிவந்தது. ஒரு சொட்டு ஆரஞ்சு வெள்ளை மேசை விரிப்பில் விழுந்தது. ‘பார்த்தீங்களா! சப்ளை பைப் இல்ல. ஃப்ளஷ் பண்ணாத்தான் வருது!’ மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த மாதிரி என் கையைக் குலுக்கினார்.

‘ஒரு சனிக்கிழமை வேலை’ என்றார்.

டாய்லெட்டைத் தூக்கியதும் குழாய் வாயில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தார், நாற்றம் வராமலிருக்க. வினைலை உரித்தால், குழாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். டீயில் ஊறிய வர்க்கிக்குள் விரல் போவது போல, அது பிடிவரை உள்ளே போனது. அதுவரை வாய் ஓயாதவர் அரை நிமிஷம் பேசவில்லை. பிறகு எழுந்து, ‘ஒரு மல்ட்டி டூல் வாங்கணும்’ என்றார்.

அந்த மாதத்தில் அவர் ஹார்ட்வேர் கடைக்கு எத்தனை நடை போனார் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு கட்டையின் தலை இற்றுப்போயிருந்ததால் அதன் பக்கத்திலேயே இன்னொன்றை முடுக்கித் துணை சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு 2க்கு 10 கட்டை வாங்கி வந்தார். அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு ஒன்பதேகால். இழைத்துக் காய வைத்த பிறகு அவ்வளவுதான் நிற்குமாம். பெயர் மட்டும் பழைய பெயர். இதை அவர் எனக்கு விளக்கிய முக்கால் மணி நேரத்தில் ஒரு திருகாணிகூட ஏறவில்லை. வீட்டில் நாலு பேர், கீழே இருந்த ஒரே கழிப்பறை வாசலில் காலையில் வரிசை கட்டினார்கள். பையன் பள்ளிக்கூடத்திலேயே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

ஆனால் வேலை சுத்தம். அதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். அழுகலை நல்ல மரம் வரை, உத்தரக்கட்டையின் நடுமையத்தில் வெட்டி, புதுப் பலகை இரண்டு பக்கமும் ஏறி உட்காரும்படி சட்டம் கொடுத்து முடுக்கினார். புது மெழுகு வளையம் வைத்து, டாய்லெட்டை இறக்கி, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து அமுக்கினார். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, பீங்கான் விரியாமல் முடுக்கினார். கடைசியில் சிலிக்கான் ட்யூபைக் கையில் எடுத்து யூட்யூபைத் திறந்தார். அதில் ஒருவர் சொன்னார்: முன்னாலும் பக்கங்களிலும் மட்டும் பூசு, பின்பக்கத்தை விட்டுவிடு. எப்போதாவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வந்து காட்டிக்கொடுக்கும்.

நம்மவர் அதை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, இன்னொரு முறை கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார், கையில் செல்பேசியோடு. மும்முரத்தில் இருவரும் கவனிக்கவில்லை.

‘அப்பா லைன்ல இருக்கார். பேசுங்க’ என்று ஸ்பீக்கரில் போட்டார்.

‘மாமா...’ என்று இழுத்தார் இவர். ‘இந்த பாத்ரூம் விஷயம்... அது உங்களால இல்ல.’

‘என்னாலயா? எது மாப்ளே?’ கும்பகோணத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ‘ஓ, அந்த மாடி டாய்லெட்டா? சரி பண்ணியாச்சா? உக்காந்தா ஆடுதுன்னு வந்த வாரமே சொன்னேனே. நீங்கதான் நானே பார்த்துக்கறேன்னீங்க.’