குளவிக்குக் கைரேகை உண்டா?

கே: ஆமணக்கு இலையில் கொசுவை விடச் சிறிய குளவி. செல்போன் படம் அனுப்பியுள்ளேன். பெயர் என்ன?

ப: ஒட்டுண்ணிக் குளவி! முகத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கைரேகை வேண்டும். குளவிக்குக் கைரேகை இறகு நரம்புதான். முன்னிறகில் குறுக்கே ஓடும் ஒரு நரம்பு இருக்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவிகளின் இரு குடும்பங்களான இக்நியூமோனிட் எது, பிரகோனிட் எது என்று பிரித்துவிடும். கரும்புக்குக் கட்டும் முட்டை அட்டையிலிருந்து வரும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியோ அரை மில்லிமீட்டர்தான். அதன் பாதத்தில் மூன்றே கணு என்பதை எண்ண நுண்ணோக்கி வேண்டும்.

செடியில் புழுவை ஒட்டி அரிசி போல் வெள்ளைக் குளவிக் கூடுகள் தெரிந்தால் நசுக்காதீர்கள். இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். குளவி வெளிவந்ததும் பக்கவாட்டில் படமெடுங்கள். எந்தச் செடி, எந்தப் புழு என்பதையும் எழுதி அனுப்புங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.