சுண்டெலிக்குச் சம்பளம் கொறைச்சா…

ஏலே பேராண்டி, மணி பதினொண்ணு. அதுக்குள்ள எந்திரிச்சுட்டியே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ராத்திரி ரெண்டு மணிக்கு பரோட்டா சால்னா வாசம் வந்துச்சு. வயசாயிட்டுல்லா, மூக்கு தானா கற்பனை பண்ணுது போலன்னு திரும்பிப் படுத்துட்டேன்.

உன்ன ஒண்ணும் சொல்லல. சுண்டெலி கதைதான் சொல்லுதேன். அது ராத்திரி மேஞ்சிட்டுப் பகல்ல பொந்துக்குள்ள ஒறங்குற உசுரு. அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல அதுக்குக் கொழுப்பு கூடின தீனியாப் போட்டுப் பாத்து 2007-ல எழுதியிருக்காங்க. கொஞ்ச நாள்தான், பய ஒறங்குத நேரத்துலயும் எந்திரிச்சு நொறுக்க ஆரம்பிச்சுட்டான். முழு இருட்டுல வச்சுப் பாத்தா அவனோட ஒரு நாளே கொஞ்சம் நீண்டு போச்சாம். நீ 'நாளைக்கு முடிச்சிருதேன்'னா நாலு நாள் ஆவுதே, அது ஏன்னு இப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, அது வெளிச்சத்தப் பாத்து ஓடும். ஈரலுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு, அது தீனி வார நேரத்தப் பாத்து ஓடும். கண்ட நேரத்துல தின்னா ரெண்டும் மாமியா மருமக மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

சரி, பட்டினி போட்டா திருந்துமா? அங்கதான் கூத்து. நெதர்லாந்துல குரோனிங்கன்னு ஒரு ஊரு. 2011-ல வெளிவந்த ஆராய்ச்சி. எலி சக்கரத்துல ஓடினாத்தான் தீனி. ஓட்டத்தக் கூட்டிக் கூலியக் கொறைச்சுக்கிட்டே வந்தாங்க. ராத்திரி ஷிப்ட் பாத்த எலி பகல் ஷிப்டுக்கு மாறிட்டு! மூளைக் கடிகாரம் என்னவோ பழைய நேரத்தத்தான் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அத யாரு கேட்டா? முதலாளிமாரு இதப் படிச்சிருக்கக் கூடாதேன்னு எனக்கு ஒரு கவல.

ஆக, கொழுத்த எலியும் பகல்ல முழிக்குது, காஞ்ச எலியும் பகல்ல முழிக்குது. நீ எந்த எலின்னு வயித்தத் தடவிப் பாத்துச் சொல்லு.

இன்னொண்ணும் உண்டு. கலிபோர்னியாவுல சால்க் நிறுவனத்துல சச்சிதானந்த பாண்டான்னு ஒருத்தர், நம்ம ஒடிசாக்காரரு. 2012-ல அவரும் கூட்டாளிகளும் சொன்னது: அதே கொழுப்புத் தீனி, அதே அளவு. ஒரு எலிக் கூட்டத்துக்கு எப்ப வேணாலும் தின்னுக்கோன்னு விட்டாங்க, இன்னொரு கூட்டத்துக்கு ராத்திரியில எட்டு மணி நேரம் மட்டும். எட்டு மணி நேரத்துக் கூட்டம் அவ்வளவா கொழுக்கல, ஈரலும் தப்பிச்சுது. ஏலே, 'ராத்திரி'ன்ன ஒடனே பல்லக் காட்டாத. அது எலிக்கு வேல நேரம். ஒனக்கில்ல.

இந்தக் கதைய ஒங்க ஆச்சி காதுல மட்டும் போட்டுராத. ராத்திரி பத்து மணிக்கு மேல திங்க எனக்குன்னு ரெண்டு முந்திரிக்கொத்து ஒளிச்சு வைப்பா, அதுவும் நின்னு போயிரும்.