கனெக்ட் ஆகலை, மாப்ளே

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மச்சான் என் தொடையில் தட்டி, "கனெக்ட் ஆகலை, மாப்ளே" என்றார். பைக் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் இன்னும் நான்கு தடவை சொன்னார். டோக்கன் வாங்கும் பையனிடமும் சொன்னார். "ஆமாண்ணே, செகண்ட் ஆஃப் லேக்" என்றான் அவன். அவன் படமே பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்து கனெக்‌ஷன் என்பது கரண்டுக்கும் காஸுக்கும் டெலிபோனுக்கும் உரிய சொல். எங்கள் அப்பா டெலிபோனுக்கு எழுதிப் போட்டு ஏழு வருஷம் காத்திருந்தார். ஒரு நாள்கூட டெலிபோனைக் குறை சொன்னதில்லை. மச்சானுக்கு டிக்கெட் கிழித்த பத்தாவது நிமிஷம் லைன் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் செல்போனை எடுத்து, பின்வரிசைக்கும் சேர்த்து வெளிச்சம் போடுவார்.

சில படங்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன, சில ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் குணா.

1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் ஒரே நாளில் வந்தன. தளபதிக்கு டிக்கெட் கிடைக்காமல் மாமா என்னைக் குணாவுக்குக் கூட்டிப் போனார். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவன் என்ன, பைத்தியமாடா?" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கொடைக்கானலில் ஒரு குகைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டது. 2024-ல் அதே குகைக்குள் விழுந்த பையனைப் பற்றி மலையாளத்தில் மஞ்சும்மல் பாய்ஸ் வந்தது. அவனை மேலே தூக்கும்போது குணா பாட்டு. அரங்கமே எழுந்து விசிலடித்தது. பக்கத்து சீட்டில் ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதான். குணா வந்தபோது அவன் அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. 33 வருஷம் கழித்து கனெக்‌ஷன்! எங்கள் அப்பாவின் டெலிபோனே தேவலை.

இதைச் சொன்னால் மச்சான், "அது வேற மாப்ளே. இது செகண்ட் ஆஃப் லேக்" என்பார்.

இந்த லேக்கைப் பற்றி எனக்கு நீண்டநாள் ஆராய்ச்சி உண்டு. எந்தப் படத்தைக் கேட்டாலும் முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதிதான் இழுவை. எழுதியவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர், அறிவு எப்படிச் சரியாக இடைவேளையில் தீர்ந்துபோகும்? தீருவதில்லை. நடுவில் சமோசா வருகிறது. முதல் பாதியை நாம் பசியோடு பார்க்கிறோம், பசித்தவன் கூர்மையானவன். இடைவேளையில் ஆளுக்கு மூன்று சமோசா, வாளி நிறையப் பாப்கார்ன், அதன் உப்புக்குக் கூல்டிரிங்க்ஸ், கூல்டிரிங்க்ஸுக்காகக் கழிவறை வரிசை. திரும்பி, இருட்டில் நாலு பேர் காலை மிதித்து உட்காரும்போது வில்லனுக்குச் சின்ன வயசு. "யாரு மாப்ளே இந்தப் பையன்?" என்று மச்சான் கேட்பார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும் அதே வரிசையில்தானே நின்றேன். அதற்குள் ரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடும். மதியம் வீட்டில் மட்டன் குழம்பு வேறு. மேலே ஏசி. கீழே சாய்ந்துகொள்ளும் நாற்காலி. காலை நீட்டப் பலகை கூட வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் சொந்த மகள் கழுத்தில் தாலி ஏறினாலும் லேக்தான்.

இந்தச் சொகுசெல்லாம் இல்லாத காலத்தில், 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. காரணம் அதில் பாடி நடித்த பாகவதரின் குரல் என்பார்கள். மூட்டைப்பூச்சியை யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் இரண்டாம் பாதியில் தூங்கியிருக்க முடியுமா? பார்வையாளனோடு கடைசிக் காட்சிவரை விடாமல் கனெக்ட் ஆன ஒரே ஜீவன் அதுதான். அதை மருந்தடித்துக் கொன்றுவிட்டு இயக்குநரைத் திட்டுகிறோம்.

போன ஞாயிறு வில்லன் கதை வந்தபோது நான் குறட்டை விட்டதாக மச்சான் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். கண்ணை மூடி வசனத்தைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

சிரிக்கிறேனே தவிர, எனக்கு ஒரு ஆறாத கோபம் உண்டு. 2024 செப்டம்பரில் மெய்யழகன். கல்யாணத்துக்கு ஊருக்குப் போன அரவிந்த்சாமியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார் கார்த்தி. அவர் பெயர் அரவிந்த்சாமிக்கு ஞாபகம் வரவில்லை. நான் கரைந்து போனேன். மச்சான், "பேரென்னன்னு கேட்டா முடிஞ்சுது, அதுக்கு மூணு மணி நேரமா?" என்றார். மறுவாரம் அக்காவைக் கூட்டிப் போனேன். "இப்போ பேசுவாங்க பாரு" என்று முழங்கையால் இடித்தேன். பேசவில்லை. அடுத்த காட்சி வந்துவிட்டது. நீளம் என்ற புகாருக்காக இடையில் சுமார் 18 நிமிஷத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். "நீ கனவு கண்டிருப்பே தம்பி, உனக்குத்தான் தியேட்டர்ல தூங்குற பழக்கம் உண்டே" என்றாள் அக்கா.

ஒருவர் வீட்டு விருந்தில் சாம்பார் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். எனக்குப் போட்ட இலையிலிருந்தும் வழித்தெடுப்பது என்ன நியாயம்? முள்ளும் மலரும் 1978-ல் வந்தபோது முதல் சில நாள் ஆளில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது. இன்றைக்கு வந்திருந்தால் ரஜினிக்குக் கை போவதற்கு முன்பே படத்துக்குக் கத்தரி போயிருக்கும்.

2024 கடைசியில் தயாரிப்பாளர் சங்கம், விமர்சனம் கேட்கும் யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. மச்சானை விடாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று அவரே போன் செய்தார். வரும் ஞாயிறு இன்னொரு படத்துக்கு டிக்கெட் போட்டாயிற்றாம், அதே மூன்று மணி ஆட்டம்.

"வர்றேன் மச்சான். ஆனா இன்டர்வெல்ல எனக்கு சமோசா வேணாம்."

"சரி மாப்ளே, பப்ஸ் சொல்லிடுறேன். ரெண்டு போதுமா?"