பத்துக்குப் பத்து அறையில் நூறு வாட்ஸ்

கிடார் வாங்கியவர்கள் எல்லோரும் ஆம்ப் வாங்கிவிடுவதில்லை. வாங்கப் போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் மட்டும் எப்போதும் இருக்கிறது. சென்னையில் இந்தக் கூட்டத்தாரை அடையாளம் காண்பது சுலபம். வயது இருபத்துமூன்று, இருபத்துநான்கு இருக்கும். வேளச்சேரியிலோ துரைப்பாக்கத்திலோ மூன்றாவது மாடியில் பத்துக்குப் பத்து அறை, அதிலும் இன்னொருவர் பங்கு. கையிருப்பு எட்டாயிரம் ரூபாய். அம்மாவுக்குத் தெரிந்தது ஐயாயிரம். ஆனால் அறிவில் குறை சொல்ல முடியாது. எந்த ஆல்பத்தில் யார் எந்த ஆம்பில் வாசித்தார் என்பது இவருக்குத் தலைகீழ்ப் பாடம். இஎல்34 வால்வுக்கும் 6வி6 வால்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி, இரண்டையும் கேட்காமலேயே, டீ ஆறும்வரை பேசுவார். 'உங்க கிடார் எந்த ஆம்பில் நல்லா இருக்கு?' என்று கேட்டால்தான் தடுமாறுவார். அதை அவர் இதுவரை அறைத் தோழரின் ஹோம் தியேட்டரில் செருகித்தான் கேட்டிருக்கிறார். தன் பிரச்சினை பணம்தான் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டாயிரத்துக்குப் பழைய ஆம்ப் சந்தையில் உருப்படியான சரக்கு கிடைக்கும். அதைக் காதால் வாங்காமல் கண்ணாலும் வாயாலும் வாங்கப் பார்ப்பதால்தான் இவருக்கு மூன்று வருடமாக எதுவும் அமையவில்லை.

வாட்ஸை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வாட்ஸ் என்றால் இவர் உதட்டைப் பிதுக்குவார்; நாற்பது என்றால் நிமிர்ந்து உட்காருவார்; நூறு என்றால் ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போடுவார். எண் ஏறும் கணக்கில் சத்தமும் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. காது அந்தக் கணக்கை ஏற்பதில்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 'கொஞ்சம் ஏறியிருக்கு' என்று சொல்லலாம், அதற்குமேல் பெருமைப்பட ஒன்றுமில்லை. சத்தம் இரட்டிப்பானதாகக் காதுக்குப் படவேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். ஆக, ஒரே ஸ்பீக்கரில் 10 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காது காணும் வித்தியாசம் இரண்டு மடங்கு. முதுகு காணும் வித்தியாசம் அதைவிட அதிகம். மூன்று மாடி ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தவிர, ஒரே ஸ்பீக்கர் என்பதும் நடைமுறையில் இல்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு கிடார் ஸ்பீக்கர் 97 டெசிபல் தரும், இன்னொன்று 100 தரும். அந்த மூன்று டெசிபல், ஆம்பையே இரட்டித்ததற்குச் சமம். நல்ல ஸ்பீக்கர் போட்ட 20 வாட்ஸ் பெட்டி, சுமாரான ஸ்பீக்கர் போட்ட 40 வாட்ஸ் பெட்டியோடு தோளுக்குத் தோள் நிற்கும். விளம்பரத்தில் வாட்ஸைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதை எழுதுவதில்லை, நம்மவரும் கேட்பதில்லை.

பழையதைத் தேடும் விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம். எட்டாயிரத்துக்குப் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஐந்தங்குல, ஆறங்குல ஸ்பீக்கர் போட்ட சின்னப் பெட்டிதான் வரும். கிடாரின் தடித்த கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடிக்குரலை அவ்வளவு சின்னக் கோனால் தள்ள முடியாது. அதே காசுக்குப் பழையதில் பத்தங்குலம் கிடைக்கும், பொறுத்திருந்தால் பன்னிரண்டுகூடக் கிடைக்கும். ஹோம் தியேட்டர் ஏன் காலை வாருகிறது என்பதற்கும் விடை ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். அப்படி அடங்குவதால்தான் டிஸ்டார்ஷன் காதுக்கு இதமாக இருக்கிறது. எல்லாவற்றையும் தெளிவாக ஒலிக்கும் ஹோம் தியேட்டரில் அதே டிஸ்டார்ஷன் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்த சத்தமாக வரும். தன் கிடார்தான் மட்டம் என்று நம்மவர் முடிவு கட்டியது இதைக் கேட்டுத்தான்.

அடுத்தது பெயர். முகப்பில் 'மார்ஷல்' என்ற வெள்ளை எழுத்து இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. 'ஸ்ட்ரேஞ்சர்' என்று இருந்தால், "லோக்கல் மேக் ப்ரோ" என்று தாண்டிப் போய்விடுவார். 1962இல் லண்டன் ஹேன்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவர் ஆட்களும் செய்த முதல் ஆம்பான ஜேடிஎம்45, அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துக் கட்டியது. அமெரிக்கச் சரக்கு இங்கிலாந்தில் விலை அதிகம். வாசிக்கிற பையன்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து உள்ளூரிலேயே செய்தார்கள். நம்மவர் கும்பிடும் பெயர் அன்றைய லோக்கல் மேக். இதைச் சொன்னால் வருத்தப்படுவார்.

வால்வு மோகமும் இதோடு சேர்ந்ததுதான். இவர் தாத்தா வீட்டில் வால்வு போட்ட மர்ஃபி ரேடியோ இருந்திருக்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் அது எடைக்குப் போயிருக்கும். வானொலி வால்வுகள் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலேயே தயாரான காலம் அது. இன்று பேரன் அதே கண்ணாடிக் குழாயை ரஷ்யாவிலிருந்தும் ஸ்லோவாகியாவிலிருந்தும் வரவழைக்க ஆசைப்படுகிறார். வால்வு ஆம்பின் ஒலி அருமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அருமை பெரும்பாலும் வால்யூமை ஏற்றி, பவர் வால்வுகள் திணறும்போது வருகிறது. கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வருவதும் அப்போதுதான். அவுட்புட் வால்வுகள் தேய்ந்துபோகும், மாற்றவேண்டும். எட்டாயிரத்தில் அதற்கு ஒதுக்கீடு கிடையாது. டிரான்சிஸ்டர் என்றால் இளப்பம் என்பவர்களுக்கு 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 பதில் சொல்லும்: வால்வே இல்லாத அந்தப் பெட்டியின் சுத்தமான ஒலிக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. பெரிசு என்றால்தான் பெரிய இசை என்பவர்களுக்கும் பதில் உண்டு. எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' பதிவுக்கு வைத்துக்கொண்டது ஏறத்தாழ ஐந்து வாட்ஸ் ஃபெண்டர் சாம்ப். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், எல்பிகோ என்ற மலிவான குட்டி ஆம்பின் ஸ்பீக்கர் கோனை பிளேடால் கீறி, அதை ஒரு வாக்ஸ் ஏசி30க்குள் விட்டு 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்கான அந்த முரட்டுச் சத்தத்தை எடுத்தார். இதெல்லாம் நம்மவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தது பேச்சுக்கு உதவுகிறது, கடைக்கு வருவதில்லை.

இப்போது அவர் விற்பவர் வீட்டில் நிற்பதைப் பார்க்கவேண்டும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நம்மவர் கொம்புக்கு அடித்த வர்ணத்தைப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார். மூலை உரசியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். லோகோவை போனில் படம் பிடிப்பார். கிடாரைக் கொண்டுவந்திருக்க மாட்டார், "பஸ்ஸில கூட்டம் ப்ரோ." ஆகவே விற்பவர் தன் கிடாரை எடுத்துச் செருகி, தானே வாசித்துக் காட்டுவார். பத்து வருடம் வாசித்த கை, நடுவில் ஒரு ப்ராசஸர், அதில் கொஞ்சம் எக்கோ. நம்மவர் கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டுவார். அங்கே அவர் விலை பேசுவது விற்பவரின் விரல்களுக்கு. அவை ஆம்போடு சேர்ந்து வரப்போவதில்லை. செய்யவேண்டியது கால்மணி நேர வேலை. சொந்தக் கிடார், சொந்த வயர், நடுவில் எதுவும் கூடாது. ஒவ்வொரு குமிழையும் கடைசிவரை திருகிப் பார்க்கவேண்டும். கறகற என்றால் பெரும்பாலும் தூசுதான், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயில் போய்விடும், அதைச் சொல்லி ஐந்நூறு குறைக்கலாம். திருகினால் சத்தமே அறுந்து அறுந்து வந்தால் அது வேறு வியாதி. வயரை சாக்கெட்டில் லேசாக ஆட்டவேண்டும். வலையின் இடுக்கு வழியாக போன் வெளிச்சம் அடித்து, கோன் கிழிந்திருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தடித்த கம்பியை அழுத்தி மீட்டினால் ஸ்பீக்கர் பரபர என்று உரசக் கூடாது. பிறகு வாசிக்காமல் சும்மா இருந்து கேட்கவேண்டும். வயரைக் கழற்றிய பிறகும் 'ம்ம்ம்' என்ற முனகல் பலமாக இருந்தால் உள்ளே கெப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். பின்னால் போய் பிளக்கைப் பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர். மூன்றாவது பின், எர்த், அங்கே இருக்கிறதா? முனகலை ஒழிக்க அதை வெட்டிவிட்ட புத்திசாலிகள் நம் ஊரில் உண்டு. அப்படிப்பட்ட ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டு, கிடாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். ஆளையே கொல்லவும் கூடும். மூலையில் இருக்கும் உரசலைவிட இது முக்கியம் என்று யாராவது அவரிடம் சொல்லவேண்டும்.

"ட்ரம்ஸோடு வாசிக்க இருபது வாட்ஸ் பத்தாதே" என்பது அவர் எப்போதும் எடுக்கும் ஆட்சேபம். முதலில் ட்ரம்மர் எங்கே என்று கேட்கலாம். இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். மண்டபத்திலும் சர்ச்சிலும் கல்லூரி மேடையிலும் கிடார் மிக்சர் வழியாகத்தான் கூட்டத்தைச் சென்றடைகிறது. ஆம்புக்கு முன் ஒரு மைக் வைத்தால் மீதியை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார். மேடையில் ஆம்பின் வேலை வாசிப்பவர் காதுக்குக் கேட்பது. மைக் வைக்காத ஒத்திகை அறையில், ஓங்கி அடிக்கும் ட்ரம்மரோடு, சின்ன ஆம்ப் திணறும் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைகளில் பெரும்பாலும் ஆம்பும் இருக்கிறது. சொந்த ஆம்ப் வாழப்போவது பத்துக்குப் பத்து அறையில்.

"பழசு ரிப்பேரானால்?" என்பது இதைவிட நியாயமான கேள்வி. அதனால்தான் பழையதில் எளிமையானதை வாங்கவேண்டும் என்கிறேன். நூறு விதமான ஒலி தரும் டிஜிட்டல் ஆம்பில் போர்டு போனால் அந்தக் கம்பெனியின் போர்டுதான் வேண்டும். கிடைக்காவிட்டால் அது முக்காலி. பல சின்ன டிரான்சிஸ்டர் ஆம்புகளுக்குள் டிடிஏ2030, டிடிஏ2050 மாதிரி ஐசிதான் இருக்கும். ரிச்சி தெருவில் அந்த எண்ணைச் சொன்னால் பையன் திரும்பிப் பார்க்காமலே எடுத்துப் போடுவான். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அஹுஜா செட்டைப் பிரித்துக் கோத்த மெக்கானிக்குக் கிடார் ஆம்ப் புதிய சங்கதியே கிடையாது. "இதுல என்ன தம்பி இருக்கு, சின்ன செட்டு" என்பார். காயில் போனால் ஸ்பீக்கருக்குப் புதுக் கோன் போட்டுத் தரவும் நம் ஊரில் ஆள் உண்டு. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் ஆம்புக்குத்தான் ஜாக்கிரதை வேண்டும். அது 120 வோல்ட் சரக்கு. நம் 230இல் நேராகச் செருகினால் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், அதுவும் ஊதுபத்தியாக. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சேர்த்தால் இலவசம் இலவசமாக இருக்காது.

"பின்னால விக்கும்போது விலை போகணும் இல்ல ப்ரோ?" என்பது கடைசி ஆட்சேபம். இன்னும் வாங்காத பொருளை விற்பது பற்றிய கவலை. பெயருள்ள, வாட்ஸ் நிறைந்த பெட்டிக்குத்தான் மறுவிலை என்பது சரிதான். அது எந்த நிலையில் மறுவிலைக்கு வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சந்தைக்கு வரும் 20 வாட்ஸ் பெட்டிகளில் குமிழ் தேய்ந்திருக்கும், எண்கள் அழிந்திருக்கும், யாரோ தினமும் வாசித்த அடையாளம் இருக்கும். 100 வாட்ஸ் பெட்டிகள் பலவும் ஷோரூமிலிருந்து வந்ததுபோல இருக்கும். "வீட்டு யூஸ்தான், வால்யூம் ரெண்டுக்கு மேல வெச்சதே இல்ல" என்று விற்பவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் கீழ் வீடு ஒன்று இருந்தது. நம்மவர் இந்த வாக்குமூலத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டு, "சூப்பர் கண்டிஷன் ப்ரோ" என்று சொல்லி, முன்பணமாக ஐந்நூறு ரூபாயை ஜிபேயில் அனுப்புகிறார்.