உடம்பு ஃபோர்டு, தலை செவர்லே

விக்ரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் சொன்ன கதைகளில் தலை மாறிய கதை ஒன்று உண்டு. கோயிலில் இரண்டு பேர் தலை துண்டாகிக் கிடக்கிறார்கள். ஒருவன் ஒரு பெண்ணின் புருஷன், இன்னொருவன் அவள் அண்ணன். "தலைகளை எடுத்து வைத்து ஒட்டு, உயிர் தருகிறேன்" என்கிறாள் அம்மன். அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் புருஷன்? விக்ரமாதித்தன் அதிகம் யோசிக்கவில்லை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம், தலை எவனுடையதோ அவனே புருஷன் என்றான். பதில் சரி. வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிட்டது.

அதே வேதாளம் 1923 மே 30 அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலின் மரம் எதிலாவது தொங்கிக்கொண்டிருந்தால், இப்படிக் கேட்டிருக்கும்: "மன்னா, அதோ ஓடுகிற காருக்கு உடம்பு ஃபோர்டு, தலை செவர்லே. அது ஜெயித்தால் மாலை யாருக்கு?"

பதிலுக்கு முன்னால் இரண்டு குடும்பத்தின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம்.

முதலில் உடம்பு வீட்டார். ஹென்றி ஃபோர்டு என்றால் எல்லாரும் அசெம்பிளி லைனில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முந்தைய ஃபோர்டைப் பார்த்தால், பிற்காலத்தில் ரொம்ப ஒழுக்கமாகிவிட்ட பெரியப்பாவின் காலேஜ் போட்டோவைப் பார்த்த மாதிரி இருக்கும். 1904 ஜனவரியில், உறைந்து கிடந்த செயின்ட் கிளேர் ஏரியின் பனிக்கட்டிமேல், '999' என்ற பூதத்தை அவரே ஓட்டினார். ஒரு ரயில் இன்ஜினின் எண்ணைத்தான் அதற்குப் பெயராக வைத்திருந்தார்கள். நாலு சிலிண்டர், கிட்டத்தட்ட 19 லிட்டர். இன்றைய சின்ன கார் நாலின் இன்ஜின் கொள்ளளவை அதன் ஒரே சிலிண்டருக்குள் ஊற்றிவிடலாம். பானட் கிடையாது, ஓட்டுகிறவர் முகத்தில் எண்ணெய் அபிஷேகம். வேகம் மணிக்கு 147 கி.மீ. அதுவரை எந்தக் காரும் தொடாத வேகம்.

நாலே வருஷத்தில் ஞானம் பிறந்துவிட்டது. 1908-இல் மாடல் டி வந்தது. அதுவும் நாலு சிலிண்டர்தான், ஆனால் 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன். முழு மூச்சாக ஓடினால் 65, 70 கி.மீ. இருபது குதிரை என்று சொல்கிறார்களே தவிர, எல்லாம் மதியச் சாப்பாடு முடிந்த குதிரைகள். சிலிண்டருக்குள் போகிற கலவையை நாலு மடங்குதான் நசுக்கும். இன்றைய பெட்ரோல் இன்ஜின் பத்து மடங்கு நசுக்குகிறது. அன்றைய பெட்ரோலின் லட்சணத்துக்கு அதற்குமேல் நசுக்கினால் இன்ஜின் சம்மட்டி அடிக்கிற மாதிரி கத்தும்.

எண்ணெய்க்குப் பம்ப் கிடையாது. கீழே தொட்டியில் கிடக்கும் எண்ணெயைச் சுழல்கிற பாகங்கள் வாரி வாரித் தெளித்துக்கொள்ளும், கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. பெட்ரோலுக்கும் பம்ப் கிடையாது. டாங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும், பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்கு வரவேண்டும். டாங்க் காலியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் இன்ஜின் உயரமாகிவிடும், டாங்க் தாழ்ந்துவிடும், வண்டி நின்றுவிடும். பரிகாரம்: காரைத் திருப்பி, ரிவர்ஸில் மலையேறுவது. முன்னால் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலை மடக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். டாக்டருக்கும் கார் கம்பெனிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு அதற்குப் பிறகு அமையவில்லை.

ஆனாலும் விற்றது. 1927-இல் நிறுத்தும்வரை ஒன்றரைக் கோடி. 1925-இல் இரண்டு பேர் உட்காரும் வண்டியின் விலை 260 டாலருக்கு இறங்கியிருந்தது.

இந்த எருமை மாட்டுக்குள் ஃபோர்டு தன்னையறியாமல் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில் சிலிண்டரும் அதன் மேல்மூடியும் ஒரே வார்ப்பு. மாடல் டி-யில் அந்த மூடி, அதாவது ஹெட், தனி. பதினைந்து போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். விவசாயி வீட்டுக் கொல்லையிலேயே ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கழற்றுகிற தலையை மறுபடியும் அதே இடத்தில் அதே தலையாக மாட்டுவார்கள் என்று ஃபோர்டு நம்பினார். பிள்ளையார் கதை அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாற்றுகிற வியாதியைத் தொடங்கி வைத்ததிலும் ஃபோர்டு ஆட்களுக்குப் பங்குண்டு. 1909-இல் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை ஒரு பந்தயம். மாடல் டி ஒன்று 22 நாளில் போய்ச் சேர்ந்து முதல் பரிசு வாங்கியது. ஊரெல்லாம் விளம்பரம். சில மாதம் கழித்து, வழியில் இன்ஜினையே மாற்றிக்கொண்டது வெளியே வந்து, பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. அதற்குள் விளம்பரம் தன் வேலையை முடித்திருந்தது.

இனி தலை வீட்டார். லூயி செவர்லே 1878-இல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத்துக்குப் பேர்போன லா ஷோ-டெ-ஃபோனில் பிறந்தார். அப்பா கடிகாரம் செய்கிறவர். பையன் சைக்கிள் ரிப்பேரில் ஆரம்பித்து, சைக்கிள் பந்தயத்துக்குப் போய், அமெரிக்கா வந்து கார் பந்தயத்தில் இறங்கினார். வில்லியம் டுராண்ட் என்ற மகா வியாபாரி அவரைப் பிடித்து 1911-இல் அவர் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். லூயி கனவு கண்டது ஆறு சிலிண்டர், 2,000 டாலருக்கு மேல் விலை, பெரிய மனிதர்கள் ஏறும் கார். டுராண்ட் கனவு கண்டது ஃபோர்டுக்குப் போட்டியாக மலிவு விலை கார். இடையில் சிகரெட் சண்டை ஒன்று வந்ததாகவும் சொல்வார்கள்: "கம்பெனி முதலாளி சுருட்டுதான் பிடிக்கவேண்டும், உதட்டில் சிகரெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரியாதை இல்லை" என்று டுராண்ட் சொல்ல, லூயி கோபித்துக்கொண்டாராம். எப்படியோ, லூயி வெளியே போனார். பெயர் உள்ளேயே தங்கிவிட்டது.

சொந்தப் பெயரைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்த மனிதர், அடுத்த கம்பெனிக்குப் பழைய பிரெஞ்சு கவர்னர் ஒருவர் பெயரைக் கடன் வாங்கினார்: ஃப்ரான்டெனாக். தம்பிகள் ஆர்தரும் காஸ்டனும் கூட இருந்தார்கள். 1920-இல் காஸ்டன் இண்டியானாபொலிஸ் 500-ஐ ஜெயித்தார், அண்ணன் கட்டிய நாலு சிலிண்டர் காரில். அதே வருஷம் நவம்பரில் கலிஃபோர்னியாவில் பலகை பாவிய ஓட்டத்தடம் ஒன்றில் விபத்தில் இறந்தார். வீட்டில் சோகம், கல்லாவில் காற்று. சொந்தமாகக் கார் விற்கும் திட்டமும் படுத்துவிட்டது.

அப்போதுதான் அண்ணன் தம்பி இருவரும் ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கு பார்த்தாலும் மாடல் டி. எல்லாவற்றுக்கும் கழற்றுகிற தலை.

இங்கே கொஞ்சம் பட்டறைப் பாடம். மாடல் டி-யில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், தலைகீழாக நிற்கும். பெட்ரோல் கலவை கீழிருந்து மேலே வந்து, பக்கவாட்டில் திரும்பி, பிறகு சிலிண்டருக்குள் இறங்கவேண்டும். வாசலை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாடி ஏறி நம் முற்றத்தில் குதிக்கிற விருந்தாளி மாதிரி. வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடும். செவர்லே சகோதரர்கள் விற்ற ஹெட்டில் வால்வுகள் மேலேயே உட்கார்ந்திருக்கும். கலவை ஓட்டைப் பிரித்துக்கொண்டு நேராகச் சமையலறையில் இறங்கும். பழைய தலையின் போல்ட் துளைகளிலேயே புதுத் தலை உட்காரும். ஊரார் அதைச் செல்லமாக 'ஃப்ரான்டி' என்றார்கள், ஆயிரக்கணக்கில் போனது. ஃபோர்டை வீழ்த்த டுராண்ட் எடுத்துக்கொண்ட பெயரின் சொந்தக்காரர், ஃபோர்டை ஓட வைத்துச் சம்பாதித்தார். மாமியார் வீட்டுக் கோபத்தை எதிர்வீட்டுக்கு விருந்து வைத்துத் தீர்த்துக்கொண்ட மாதிரி.

அவர்கள் மட்டுமா? விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊரில் ஜோ யாகர்ஸ்பெர்கர் என்ற ஆஸ்திரியக்காரர் இருந்தார். 1911-இல் பந்தய விபத்தில் ஒரு கால் போனது. ஓட்டியது போதும் என்று ஹெட் செய்யத் தொடங்கினார். ரசீனிலிருந்து 'ரா', ஜோவிலிருந்து 'ஜோ' எடுத்து 'ராஜோ' என்று பெயர். நம் ஊர் நகைக்கடைப் பெயர் மாதிரி இருக்கும் இதுவும் சக்கைப்போடு போட்டது.

இதையெல்லாம் வாங்கியது யார்? பெரும்பாலும் மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள். பழைய மாடல் டி அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். முதல் வேலை, வேகத்துக்கு உதவாததையெல்லாம் கழற்றி எறிவது: மட்கார்டு, கூரை, கண்ணாடி, பின்சீட்டு, அதில் உட்காரக்கூடிய சொந்தக்காரர்கள். அடுத்தது சைலன்சர். அதைக் கழற்றினால் வேகம் கூடுமோ கூடாதோ, கூடின மாதிரி கேட்கும். புது ஹெட்டுக்குக் காசில்லாதவன் பழைய ஹெட்டையே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தைச் சீவி வாங்கி வருவான். உள்ளே இடம் குறைந்தால் கலவை இன்னும் நசுங்கும், அடி பலமாக விழும். கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் பிஸ்டன் வந்து ஹெட்டிலேயே முட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா எழுந்து வருவார்.

ஹெட்டை மாற்றினால் பூர்வஜென்ம பாவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். 20 குதிரைக்குச் செய்த கிராங்க் ஷாஃப்ட் ஒல்லி, தாங்குவதற்கு மூன்றே பேரிங். வேகமாகச் சுழற்றினால் சிறுமிகள் தாண்டி விளையாடும் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வளையும். வளைந்து வளைந்து ஒருநாள் இரண்டு துண்டாகும். தெளிக்கிற எண்ணெய் போதாமல் பேரிங் உருகும். கிராங்கைப் பலப்படுத்தினால் அடுத்து பின் ஆக்சில் முறியும். பிரேக் கதை தனி. கால் மிதி பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கும். கூடுதல் பிரேக்கும் விலைக்குக் கிடைத்தது. ஆனால் பையன்களின் காசு கார்புரேட்டரோடு தீர்ந்துவிடும். கிளம்புவதற்குத்தானே அவசரம், நிற்பதற்கு என்ன அவசரம்?

இப்போது 1923 மே 30. இண்டியானாபொலிஸில் ஃபோர்டு விற்கும் பார்பர்-வார்னாக் என்ற ஏஜென்சி, ஃப்ரான்டி தலை வைத்த மாடல் டி ஒன்றைப் பந்தயத்துக்கு அனுப்பியது. எதிரே மில்லர், டூசன்பெர்க் என்று பந்தயத்துக்கென்றே பிறந்த பட்டத்து யானைகள். எல்.எல். கோரம் ஸ்டியரிங் பிடித்தார். 200 சுற்று, 805 கி.மீ., ஏறத்தாழ ஆறு மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 130 கி.மீ.க்கு மேல். பால்காரர் ஓட்டுகிற வண்டியின் தூரத்துச் சொந்தம் ஐந்தாவதாக வந்தது. முதலாவதாக வந்த டாமி மில்டனின் காரை விட்டுவிட்டு ஜனங்கள் இதைத்தான் பேசினார்கள்.

அடுத்த வருஷம் தைரியம் வந்து மூன்று கார்களை அனுப்பினார்கள். கௌரவ நடுவர் யார் தெரியுமா? சாட்சாத் ஹென்றி ஃபோர்டு. தன் பிள்ளை வேறொருவன் தலையோடு ஓடுவதை நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றும் 14, 16, 17 என்று வந்தன. பதினாறாவதாக வந்தவர் ஆல்ஃப்ரெட் மாஸ் என்ற ஆங்கிலேயர். பல் டாக்டருக்குப் படிக்க அமெரிக்கா வந்தவர். பல் பிடுங்கக் கற்றுக்கொண்டவருக்கு இந்தக் காரின் சத்தம் பழகியிருக்கும். பிற்காலத்தில் கார் பந்தயத்தில் பெரும்புள்ளியான ஸ்டெர்லிங் மாஸ் அவர் மகன்தான்.

சரி, மாலை யாருக்கு? எண்சாண் நியாயப்படி தலை கொடுத்த செவர்லேவுக்கு. ஆனால் அந்தத் தலையில் அவர் பெயர் கவர்னர் பெயராக அல்லவா இருந்தது? அவருடைய சொந்தப் பெயர் எதிர்க்கடையில் விற்றுக்கொண்டிருந்தது. உடம்பு கொடுத்த ஃபோர்டுக்குப் போடலாமென்றால், அவர் செய்தது 65 கி.மீ. வண்டி. நான் விக்ரமாதித்தனாக இருந்தால் சொல்வேன்: "வேதாளமே, அந்தக் கதையிலேயே நீ கேட்க மறந்த ஒருத்தி இருக்கிறாள். தலையை எடுத்து ஒட்டியவள். மாலை அவளுக்கு." பதினைந்து போல்ட்டைக் கழற்றி, கேஸ்கட்டை நேராக வைத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிய, நகக்கண்ணில் கிரீஸ் போகாத அந்தப் பையனுக்கு.

பையன் அதோடு திருந்தினானா? மாடல் டி போய் 40 குதிரை மாடல் ஏ வந்தது. அதன் ஹெட்டையும் கழற்றினான். கலிஃபோர்னியாவின் மியூராக் வறண்ட ஏரியில் நாலு சிலிண்டர் வண்டிகளை வரிசையாக நிறுத்தி விரட்டினான். முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும், பின்னால் வருகிறவனுக்குப் புழுதிதான் தெரியும். 1932-இல் ஃபோர்டு, இனி இவர்கள் கைவைக்க அவசியமே இல்லை என்பது போல, 65 குதிரைத்திறனோடு எட்டு சிலிண்டர் வி-8-ஐ மலிவு விலையில் இறக்கினார். அதற்குப் பிறகும் சில வருஷம் ஏரியில் நன்றாகத் தட்டிச் சரிசெய்த பழைய நாலு சிலிண்டர்கள் அதைப் புழுதி தின்ன வைத்தன.

பையன் வி-8-இன் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். இரண்டு தலை. ஒவ்வொன்றிலும் 21 நட்டு. ஸ்பேனரை எடுத்தான்.

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது.