சாய்ந்த ‘ஓ’

கேள்வி: நாலே எழுத்தை அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டு கலை என்கிறார்களே, அநியாயமில்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அமெரிக்க ஓவியர் ராபர்ட் இந்தியானா செய்த அநியாயத்தைக் கேளுங்கள். 1965-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்காக, ‘லவ்’ என்பதன் நாலு ஆங்கில எழுத்துகளை மேலே இரண்டு, கீழே இரண்டாக அடுக்கினார். சிவப்பு, பச்சை, நீலம், அவ்வளவுதான் நிறம். ஆனால் ‘ஓ’வை மட்டும் லேசாகச் சாய்த்துவிட்டார். நேராக நின்றிருந்தால் வெறும் கடை போர்டு. (காதல் என்றால் யாராவது ஒருத்தர் சாயத்தானே வேண்டும்?) 1973-ல் அஞ்சல் தலையாகவும் வந்தது. காப்புரிமையைத்தான் மனுஷன் வாங்கி வைக்கவில்லை. கோப்பை, பனியன், சாவிக்கொத்து என்று கண்டவர்களெல்லாம் அச்சடித்துக் காசு பார்த்தார்கள். லவ் விஷயத்தில் எழுதி வாங்காமல் ஏமாந்தவர் அவர் ஒருத்தர்தானா என்ன!